புகழுரையைச் சுண்டிப் பார்த்தோம்

ஒரு பொருளைப் புகழ்வோர் மூவகையினர்: அதைப் பயன்கொண்டவர், அதைக் கண்டவர், அதைப்பற்றிக் கேட்டவர். இம்மூவருள் உரக்கப் பேசுபவர் பெரும்பாலும் மூன்றாமவரே. பயன்கொண்டவர் நிறையோடு குறையையும் அறிந்திருப்பதால் அவர் குரல் சற்றுத் தணிந்தே ஒலிக்கும். கேட்டவருக்கு அந்தத் தடையில்லை. இவ்வுண்மையை நாம் மத்ரஸாவில் ஓதிய காலத்திலேயே அறிந்திருந்தோம். ஆயினும் ஐம்பது வயதைக் கடந்தபின், ஒரு மோட்டார் காரைக் கொண்டு அதே பாடத்தை மீண்டும் ஓத நேரும் என்று நாம் எண்ணியதில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் நம் வீட்டுத் திண்ணையில், ஒருநாள் அஸருக்குப் பின், தம்பி மகன் நம்மருகே வந்தமர்ந்தான். எட்டாண்டுகளாகத் துபாயில் பொறியாளனாகப் பணிபுரிபவன். ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். கைப்பேசியை நம் கண்ணெதிரே நீட்டி, "பெரியத்தா, இந்தக் காரைப் பாருங்கள்" என்றான்.

பார்த்தோம். சிவப்பு நிறம், சிறிய உருவம், கூரையைப் பின்னுக்குத் தள்ளி மடித்துவிடலாம். இருக்கைகள் இரண்டே. ஜப்பானிய நாட்டு மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்-5 என்பது அதன் பெயர்.

"இதன் எடை ஆயிரம் கிலோவைச் சற்றுத்தான் தாண்டும், பெரியத்தா. அங்கே ஓடுகிற பெரிய வண்டிகள் இரண்டரை ஆயிரம் கிலோ இருக்கின்றன. எடை குறைந்தால் எல்லாமே மாறிவிடும். ஓட்டுகிறவனும் வண்டியும் ஒன்றாகிவிடுவார்களாம். இதை ஓட்டியவர்கள் பிறகு வேறு வண்டியைத் தொடமாட்டார்களாம்."

அவன் சொற்களின் முடிவில் இருந்த அந்த 'ஆம்' நம் செவியில் தங்கியது. தமிழில் அஃது ஒரு நேர்மையான ஈறு. 'இது நான் கேட்டது. கண்டதன்று' என்று சொல்பவனை அறியாமலே அவன் வாயிலிருந்து உண்மையைக் கறந்துவிடும். "நீ ஓட்டிப் பார்த்தாயா?" என்று கேட்டோம். "இல்லை. உடன் பணிபுரியும் ஒருவர் வைத்திருக்கிறார். ஊர் திரும்பப் போகிறார், விற்கப்போகிறார்" என்றான்.

அன்றிரவு அவன் தாய் கதவோரம் நின்று நம்மிடம் பேசினார். மேல்தளம் போட்ட வீடு நான்காண்டுகளாகப் பூச்சின்றி நிற்கிறது. பையனுக்குப் பெண் பார்த்தாகவேண்டும். தம்மை ஒருமுறை துபாய்க்கு அழைத்துச்செல்வதாக அவன் சொல்லி ஐந்தாண்டுகள் ஆகின்றன. சேமித்தது முழுவதும் ஒரு காருக்குப் போனால் இவையெல்லாம் என்னாவது? "நீங்கள் சொன்னால் கேட்பான். அந்த வண்டி அப்படியொன்றும் பெரிதில்லை என்று சொல்லிவிடுங்கள்" என்றார்.

உம்ராவை முடித்துத் திரும்பும் வழியில் பத்து நாள் அவனுடன் தங்குவதென முன்பே முடிவாகியிருந்தது. ஆகவே ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்ட பின்னரே ஒரு நெருடல் தோன்றியது. அந்த வண்டி உண்மையிலேயே பெரிதாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

இங்கே நம் தம்பியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மர்ஹூம் ஆகிவிட்ட அவர், விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் முப்பதாண்டுகள் உழைத்தவர். அவ்வூரின் பீங்கான் தொழிலை நம் வாசகர் அறிவர். மின்சாரக் கம்பங்களுக்குரிய பீங்கான்களும், வீடுகளில் பொருத்தும் பியூஸ் கட்டைகளும், தேநீர்க் கோப்பைகளும், விளையாட்டுப் பொம்மைகளும் அங்கே சூளைகளில் வெந்து வருகின்றன. பள்ளி விடுமுறையில் மகனை அவர் பட்டறைக்கு அழைத்துச்செல்வார். நாமும் சிலமுறை சென்றதுண்டு.

பொம்மை வார்ப்பதை நாம் அங்குதான் கண்டோம். பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவர். அச்சு கூழின் நீரை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் உட்புறத்தில் ஒரு தோல் கட்டிவரும். வேண்டிய கனம் சேர்ந்ததும் அச்சைக் கவிழ்த்து மிஞ்சிய கூழைக் கொட்டிவிடுவர். பொம்மை உள்ளே கூடாக, எடையற்று வருவது அதனாலேதான். வித்தை முழுவதும் கொட்டும் நேரத்தில் இருக்கிறது. முந்திக் கொட்டினால் தோல் மெலிந்து சூளையில் வெடிக்கும். பிந்திக் கொட்டினால் பொம்மை கல்லாய்க் கனக்கும். வெந்து வந்ததைத் தம்பி கையில் ஏந்தி விரலால் சுண்டுவார். 'கிண்' என்றால் ஒருபுறம். மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டென்று மறுபுறம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே.

தம்பி மகன் எடை குறைவைப் பற்றிப் பேசியபோது நமக்கு அந்தப் பட்டறையே நினைவில் வந்தது. இந்த வண்டியை ஆக்கியவர்கள் எதைக் கொட்டினார்கள், எப்போது கொட்டினார்கள் என்று அறிய விரும்பினோம்.

அறிந்த வரலாறு இது. மோட்டார் பந்தய உலகில் எடை குறைப்பை ஒரு கொள்கையாகவே நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். அவர் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1962இல் வெளியிட்ட எலான் என்னும் சிறுகார், எஃகு முதுகெலும்பின்மேல் கண்ணாடி இழை உடலைப் போர்த்தியது. எடை எழுநூறு கிலோவுக்கும் குறைவு. அத்தகைய ஆங்கிலச் சிறுகார்கள் பின்னாளில் அருகிப்போயின. 1979இல் பாப் ஹால் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், அவ்வகைக் காரை நீங்கள் ஆக்கலாமே என்று மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் எடுத்துரைத்தார். பத்தாண்டுகளுக்குப் பின் 1989இல், சிகாகோ கண்காட்சியில் முதல் எம்.எக்ஸ்-5 வெளிவந்தது. 2016இல் பத்து இலட்சமாவது வண்டி ஆலையிலிருந்து இறங்கியது. கூரை திறக்கும் இரட்டை இருக்கை விளையாட்டுக் கார்களில் இதைப்போல் விற்றது வேறொன்றில்லை.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 1998இல் வெளிவந்த சான் ஸ்டார்ம், கண்ணாடி இழை உடலும், ரெனோ நிறுவனத்தின் 1149 சி.சி. எஞ்சினும், அறுபது குதிரைத்திறனும் கொண்ட இரட்டை இருக்கைக் கார். அன்று அதைப் புகழ்ந்தோர் பலர்; வாங்கியோர் சிலர். அது நிலைபெறவில்லை.

எடை ஏன் இத்துணை முக்கியம் என்பதை நம் டி.வி.எஸ். மொபெட்டே நமக்குக் கற்பித்திருக்கிறது. தனியே செல்லும்போது அது மான்குட்டி. பின்னால் ஓர் அரிசி மூட்டையை ஏற்றிவிட்டால் புறப்படவும் தாமதம், நிற்கவும் தாமதம், வளைவில் திருப்பினால் வண்டி ஒருபுறமும் மூட்டை ஒருபுறமும் செல்ல விரும்பும். காருக்கும் அதே நியதிதான். எடை குறைந்தால் சிறிய எஞ்சின் போதும். சிறிய எஞ்சினுக்குச் சிறிய சட்டம் போதும். அதற்குச் சிறிய பிரேக்கும் மெல்லிய டயரும் போதும். ஒரு குறைப்பு மறுகுறைப்பை ஈன்று செல்லும். 2015இல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை எம்.எக்ஸ்-5இல் பானெட்டையும் பின்மூடியையும் அலுமினியத்தால் ஆக்கி, ஒவ்வொரு உறுப்பிலும் கிராம் கணக்கில் குறைத்திருக்கிறார்கள்.

அவ்வண்டியை ஆக்கியவர்கள் தம் நோக்கத்திற்கு இட்ட பெயர் நம்மைக் கவர்ந்தது. 'ஜின்பா இத்தாய்' என்பர். மனிதனும் குதிரையும் ஓருடல் என்பது பொருள். குதிரைமேல் விரைந்தபடி இலக்கில் அம்பெய்யும் ஜப்பானிய வீரர் மரபிலிருந்து எடுத்த சொல்.

குதிரை என்றதும் நாமும் சற்று நிமிர்ந்தமர்ந்தோம். இராவுத்தர் என்னும் பெயரே குதிரையோடு பிறந்ததல்லவா! நம் ஊர்ப் பூவராகப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண்களில், முன்கால் தூக்கிப் பாயும் குதிரைகள்மேல் வீரர்கள் அமர்ந்திருக்கின்றனர். கல்லின் கனம் முழுவதையும் சிற்பி எங்கோ மறைத்துவிட்டான்.

அரபு மரபில் இதற்கொரு தனிக் கலையே உண்டு. 'தள்மீர்' என்பர். பந்தயத்திற்குரிய குதிரையை முதலில் நன்றாகத் தீனியிட்டு வலுவேற்றுவர். பிறகு தீனியைத் தேவையளவிற்குக் குறைத்து, ஓரிடத்தில் கட்டி, போர்வை போர்த்தி வியர்க்கவைப்பர். கொழுப்பு கரைந்து சதை இறுகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வாறு பயிற்றிய குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரையும், பயிற்றாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் பந்தயம் நடத்தியதை ஹதீஸ் நூல்களில் ஓதியிருக்கிறோம். முன்னது ஐந்தாறு மைல். பின்னது ஒரு மைல். இங்கும் முறை ஒன்றே: முதலில் வலு, பின்னர் குறைப்பு. பட்டினியால் மெலிந்த குதிரையை எவரும் பந்தயத்தில் விடுவதில்லை.

இன்னொரு செய்தியும் நினைவுக்கு வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகளுக்கு மன்னர்கள் பெரும்பொருள் கொடுத்ததையும், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கியும் ஆண்டிறுதியில் மிகச்சிலவே எஞ்சியதையும் எழுதியிருக்கிறார். பேணத் தெரிந்தவர் இங்கில்லை என்பதே அவர் கூறும் காரணம். குதிரையின் புகழில் பொய்யில்லை. வாங்கியவர் வாழ்வில் அதற்கு இடம் அமையவில்லை.

இவ்வளவையும் மனத்திற்கொண்டு, புகழ்ந்தவர்களைத் தரம்பிரிக்கத் தொடங்கினோம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரை ஆராயும் முறை உயர்ந்த நோக்கிற்கானது. அதைக் கார் விவகாரத்தில் இறக்குவது நம் கருத்தன்று. ஆயினும், 'சொன்னவர் யார், அவர் நேரில் கண்டாரா, சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா' என்று கேட்கும் பழக்கம் நம்மை விட்டு எளிதில் போகாது. தம்பி மகன் காட்டிய புகழுரைகளை அவனோடிருந்தே கேட்டோம். சிலர், விற்பவரின் விருந்தினராக ஒருநாள் ஓட்டியவர்கள். சிலர், பிறர் சொன்னதை வேறு சொற்களில் சொன்னவர்கள். மிகச்சிலரே பல்லாண்டு வைத்திருந்தவர்கள். வியப்பென்னவெனில், மூவரும் ஒரே கருத்தையே கூறினர்; ஆனால் வைத்திருந்தவர்கள் மட்டும், 'இது என் இரண்டாவது வண்டி' என்ற சொல்லை இடையில் மெதுவாகச் சொல்லிச் சென்றனர்.

உம்ரா இனிதே நிறைவேறியது. துபாய் சேர்ந்த நான்காம் நாள், தம்பி மகன் அந்த நண்பரிடம் ஒருநாளைக்கு வண்டியை வாங்கிவந்தான். சனவரி மாதம். சுபுஹு தொழுதுவிட்டு, ராஸ் அல் கைமாவிலுள்ள ஜபல் ஜைஸ் மலைக்குப் புறப்பட்டோம். 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை. வளைந்து வளைந்து ஏறும் நல்ல சாலை.

வண்டிக்குள் அமர்வதே ஒரு சோதனை. நாற்காலியில் அமர்வதுபோல் அமர முடியாது. தொழுகை விரிப்பில் அமர்வதுபோல் இறங்கவேண்டும். நம் வயதில் முழங்கால் அதை எளிதில் ஒப்பவில்லை. நெடுஞ்சாலையில் சென்றபோது லாரிச் சக்கரங்கள் நம் காதருகே உருண்டன. சாலையின் இரைச்சல் உள்ளே நிறைந்திருந்தது; இருவரும் உரக்கப் பேசவேண்டியிருந்தது. நேர்ச்சாலையில் பெரிய வண்டிகள் நம்மைக் கடந்து சென்றன. 'இதற்கா இத்துணைப் புகழ்?' என்று எண்ணினோம். அவன் தாய்க்குச் சொல்லவேண்டிய விடை எளிதாகிவிட்டதென்று சிறிது ஆறுதலும் கொண்டோம்.

மலையடியில் நிறுத்திக் கூரையை மடித்தான். நாம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். முதல் வளைவிலேயே நம் எண்ணம் மாறத் தொடங்கியது.

பெரிய வண்டி வளைவில் திரும்பும்போது முதலில் உடல் சாயும். பிறகு வண்டி திரும்பும். பிறகு உடல் நிமிரும். இங்கே அந்தப் 'பிறகு'கள் இல்லை. அவன் மணிக்கட்டைச் சிறிது அசைத்தான், வண்டி அசைந்துவிட்டது. கியர்க் கம்பி பேனா மூடியைத் திருகும் அளவே நகர்ந்து இடத்தில் விழுந்தது. வேகமோ அறுபதைத் தாண்டவில்லை. ஆயினும் ஓடுகிறோம் என்னும் உணர்வு ஒவ்வொரு நொடியும் இருந்தது. பாறையின் குளிர்ச்சி முகத்தில் பட்டது. எஞ்சினின் ஒலி மலையில் மோதித் திரும்பிவந்தது. பிரேக்கை அவன் தொட்டதும் வண்டி தயக்கமின்றி அடங்கிற்று.

நமக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே ஓட்டுபவனும் வண்டியும் ஒன்றாவது உண்மையா என்பதற்கு நாம் நேர்ச்சாட்சியல்லோம், பக்கத்திருக்கைச் சாட்சியே. ஆனால் பக்கத்திருக்கையிலிருந்து ஒன்றைக் கண்டோம். தம்பி மறைந்தபோது இவன் விடுப்பும் விமானமும் கிடைத்து வந்துசேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதன்பின் இந்த நான்காண்டுகளில் இவன் முகத்தில் முழுச் சிரிப்பை நாம் கண்டதில்லை. அன்று கண்டோம். வளைவுக்கு வளைவு, சிறுவயதில் பட்டறையில் பொம்மை அச்சைத் திறக்கும்போது சிரித்த அதே சிரிப்பு.

மலைமேல் நிறுத்தித் தேநீர் அருந்தினோம். "எப்படி இருக்கிறது, பெரியத்தா?" என்றான். பொய்யுரைக்க நாவெழவில்லை. "உன் அத்தா இருந்திருந்தால் சுண்டிப் பார்த்து 'கிண்' என்கிறது என்று சொல்லியிருப்பார்" என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னதெல்லாம் உண்மைதான்" என்றான். இம்முறை 'ஆம்' இல்லை.

"ஆனால் ஒன்றைப் பார்" என்றோம். "எடை குறைந்ததற்காகப் புகழ்ந்தவர்கள், குறைத்தது எதையென்று சொன்னார்களா? பின்னிருக்கையைக் கொட்டியிருக்கிறார்கள். பெட்டி வைக்கும் இடத்தைக் கொட்டியிருக்கிறார்கள். தவறென்று சொல்லவில்லை. உரிய நேரத்தில் கொட்டியதால்தான் வண்டி இவ்வளவு சிறப்பாக வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் கொட்டியது வண்டியிலிருந்து. நீ வாங்கினால் கொட்டவேண்டியது உன் வீட்டிலிருந்து. அதற்கு நேரம் வந்துவிட்டதா என்பதை நீதான் சொல்லவேண்டும்." இதற்குமேல் நாம் ஒன்றும் கூறவில்லை. கூறும் உரிமையும் நமக்கில்லை. உழைத்துச் சேர்த்தவன் அவன்.

நாம் ஊர் திரும்பும் நாளன்று அந்த வண்டியிலேயே விமான நிலையத்திற்கு அழைத்துச்செல்ல விரும்பி மீண்டும் வாங்கிவந்தான். அதன் பின்பெட்டி 130 லிட்டர் கொள்ளும் என்கிறார்கள். நம் பெட்டி ஒன்று, உறவினருக்கு வாங்கிய பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று, ஸம்ஸம் நீர். எப்படித் திருப்பி வைத்தும் மூடி சாத்தவில்லை. இறுதியில் நாம் வண்டியிலும், பெட்டிகள் வாடகைக் காரிலும் ஊர்வலமாகச் சென்றோம். வழியெல்லாம் இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் அவன் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததையும் நாம் கவனித்தோம்.

ஸ்ரீமுஷ்ணம் வந்ததும் அவன் தாய் கதவோரம் வந்து நின்றார். "சொன்னீர்களா?" என்றார். "அந்த வண்டி பெரிதில்லை என்று சொல்ல முடியவில்லை, நல்ல வண்டி" என்றோம். சற்று மௌனம். "எத்தனை பேர் உட்காரலாம்?" என்று கேட்டார். "இருவர்" என்றோம். "நானும் அவனும் போகலாமே!" என்றார், குரலில் ஒரு சிறுமியின் ஆவல். உடனே தாமே, "பெண் பார்க்கவேண்டுமே, அப்புறம் நான் எங்கே உட்காருவது?" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அவரும் கணக்கில் வல்லவர்.

இரண்டு மாதங்களுக்குப் பின் தம்பி மகன் தொலைபேசியில் பேசினான். அந்தச் சிவப்பு வண்டியை வேறொருவர் வாங்கிச் சென்றுவிட்டார். இவன் நான்கு கதவுள்ள பழைய கார் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கியிருக்கிறான். வீட்டுப் பூச்சு வேலைக்குப் பணம் வந்திருக்கிறது. தாய்க்கு விசா எடுத்துக்கொண்டிருக்கிறான். நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவன் இறுதியில் சொன்ன சொல் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

"இந்தக் கார் எல்லோரையும் ஏற்றிக்கொள்கிறது, பெரியத்தா. இறங்கும்போதுதான் யாரும் சிரிப்பதில்லை."

இதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. அடுத்தமுறை அங்கு சென்றால், ஒருநாளைக்கேனும் அப்படியொரு வண்டியை வாடகைக்கு எடுத்து, அவன் தாயைப் பக்கத்தில் அமர்த்தி ஜபல் ஜைஸுக்கு ஓட்டச் சொல்லவேண்டும் என்று எண்ணியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், பெட்டிகளோடு நாம் பின்னால் வாடகைக் காரில் வருவோம்.